டீவிக்கு முன்னால் பெரியவர்கள், மிதிவெடிக்கு நடுவில் பிள்ளைகள்



கொஞ்சம் நீளமான பதிவு. இயலுமானால் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டு, ஏச வேண்டியிருந்தால் ஏசுங்கள்.

போன தவணை விடுமுறையில் ஒரு பின்நேரம், எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் ஐந்து பேர் எங்களில் ஒருவருடைய வீட்டில் கூடிப் படம் ஒன்று பார்த்தோம். அவருடைய வீட்டாரும் இருந்தார்கள். பெயர் 'டர்ட்டில்ஸ் கேன் ஃப்ளை'. 'ஆமைகளும் பறக்கும்' என்று சொல்லலாம். 2004இல் வந்த குர்து மொழிப் படம். எடுத்தவர் பஹ்மன் கோபாதி, ஈரானில் பிறந்த குர்து இனத்தவர். இவருடைய முதல் முழுநீளப் படமும் எல்லையில் வாழும் பிள்ளைகளைப் பற்றியதுதான். அது 2000இல் கேன்ஸ் திரைப்பட விழாவில் கமெரா டோர் விருதைப் பெற்றது. நாங்கள் பார்த்த இந்தப் படம் ஸ்பெயினின் சான் செபஸ்தியான் விழாவில் முதற்பரிசான தங்கச் சிப்பியைப் பெற்றது. பெரிய நடிகர்கள் ஒருவரும் இல்லை. நடித்த பிள்ளைகள் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். கையில்லாத பையனாக வருபவனுக்கு உண்மையாகவே கைகள் இல்லை.

கதை நடப்பது ஈராக் - துருக்கி எல்லையில் உள்ள ஒரு குர்து கிராமத்திலும் அதை ஒட்டிய அகதி முகாமிலும். காலம் 2003, அமெரிக்கா ஈராக்குக்குள் நுழைவதற்குச் சற்று முன். யுத்தம் எப்போது வரும் என்று தெரியாமல் ஊரே தவிக்கிறது. ஒரு குன்றின் மேல் ஆளுக்கொரு அன்டனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "இப்ப தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று எங்கள் உம்மாமார் கூரையில் ஏறிய காக்காவிடம் கேட்ட காலம் எங்களுக்கு ஞாபகம் வந்தது.

அந்த ஊரில் பதின்மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பையன் இருக்கிறான். பெயர் சோரான். ஆனால் எல்லோரும் 'சட்டலைட்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அன்டனா கட்டுவதும் டிஷ் பூட்டுவதும் அவன்தான். பெரிய கண்ணாடி, அலங்கரித்த சைக்கிள், நாலைந்து ஆங்கில வார்த்தைகள், ஓயாத வாய். ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவன்தான் தலைவன். ஊர்ப் பெரியவர்கள் அவனைப் பிடித்து ஒரு டிஷ் வாங்கிப் பூட்டுகிறார்கள். சனலை மாற்றும்போது பாட்டும் ஆட்டமும் வந்துவிடுகிறது. தலைப்பாகையோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். எங்கள் ஊர்ப் பெரியவர்களை அப்படியே அந்த வரிசையில் உட்காரவைக்கலாம்.

பிறகு செய்திச் சனல் வருகிறது. ஜோர்ஜ் புஷ் பேசுகிறார். என்ன சொல்கிறார் என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். சட்டலைட்டுக்கு அந்தளவு ஆங்கிலம் எங்கே தெரியும்? நாளைக்கு மழை பெய்யும் என்கிறார் என்று சொல்லிவிடுகிறான். அதற்கும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் அந்தக் காட்சி எங்களை உறுத்தத் தொடங்கியது. பெரியவர்கள் டீவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், அதே ஊரின் வயலில், அவர்களுடைய பிள்ளைகள் மிதிவெடி பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அது அங்கே ஒரு தொழில். நிலமெல்லாம் மிதிவெடி. பிள்ளைகள் அதைக் கையால் தோண்டி எடுத்து, கூடையில் போட்டுக் கொண்டுவந்து தரகரிடம் விற்கிறார்கள். விலை பேசுவது சட்டலைட். எத்தனை பேரை எந்த வயலுக்கு அனுப்புவது, யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவன் கணக்கு. கால் சூம்பிப்போன ஒரு பையனும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறான். பாஷோ என்று பெயர். எல்லைக் காவலனைச் சீண்ட அந்தக் காலையே துவக்கு மாதிரித் தூக்கிப் பிடித்துக் காட்டுகிறான். விளையாட்டுத்தான். ஆனால் அந்த விளையாட்டைப் பார்த்துச் சிரிக்க எங்களால் முடியவில்லை.

இரண்டு கையும் இல்லாத ஹெங்கோவ் என்ற பையன் முகாமுக்குப் புதிதாக வருகிறான். மிதிவெடியின் முன் குப்புறப் படுத்து, வாயால் அதன் வெடியூக்கியைக் கழற்றுகிறான். கமெரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. எங்களில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஹெங்கோவின் தங்கை அக்ரின். அவளுடைய முதுகில் எப்போதும் ஒரு குழந்தை இருக்கிறது. ரீகா என்று பெயர், கண் தெரியாது. இவர்கள் ஹலப்ஜா பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஹலப்ஜா என்ற பெயர் தெரியாதவர்களுக்காக: 1988 மார்ச் 16ஆம் திகதி சதாம் ஹுஸைனின் விமானங்கள் அந்த நகரத்தின் மேல் நச்சுவாயுக் குண்டுகளைப் போட்டன. ஏறத்தாழ 5,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் பொதுமக்கள். அவர்கள் எங்களைப் போல ஐவேளை தொழுகிறவர்கள்.

அந்தக் குழந்தை அக்ரினின் தம்பி என்றுதான் ஊர் நினைக்கிறது. படத்தின் நடுப்பகுதியில் எங்களுக்கு உண்மை தெரியவருகிறது. அவர்களுடைய ஊரைத் தாக்கிய சிப்பாய்கள் அவளையும் விட்டுவைக்கவில்லை. முதுகில் சுமப்பது அவள் பெற்ற பிள்ளை. அவளே ஒரு பிள்ளை. படத்தின் பெயரில் உள்ள ஆமை யாரென்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறோம். சட்டலைட்டுக்கு அக்ரின் மேல் ஒரு விருப்பம். அவளுக்காகக் குளத்தில் மூழ்கிச் சிவப்பு மீன் தேடுகிறான். அவளுக்குத் தண்ணீர் சுமக்க முன்னால் நிற்கிறான். நல்ல பையன். ஆனால் படம் முடியும் வரைக்கும் அவன் அவளிடம், உனக்கு என்ன நடந்தது என்று ஒரு தரமேனும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க அவனுக்கு வயதில்லை. கேட்க வயதுள்ளவர்கள் டீவிக்கு முன்னால் இருக்கிறார்கள்.

முடிவை முழுதாகச் சொல்லி உங்கள் மனதை உடைக்க விரும்பவில்லை. படமே ஒரு மலையுச்சியில் அவள் நிற்பதில்தான் தொடங்குகிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

படம் முடிந்து மின்விளக்கைப் போட்ட பிறகும் ஒருவரும் பேசவில்லை. பிளேன்டீ வந்தது. அப்போதுதான் வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த, அந்த வீட்டு ஆசிரியருடைய ராத்தா பேசினார். அவர்கள் மன்னார்த் தீவைச் சேர்ந்த குடும்பம். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தவர்கள்.

"எனக்கு அப்ப ஒம்பது வயசு" என்றார். "வள்ளத்துல உம்மாக்கு மயக்கம். வாப்பா அவங்களப் பிடிச்சிக்கிட்டு இருந்தாரு. தம்பி ஒன்டரை வயசு. விடியிற வரைக்கும் நான்தான் அவனக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு இருந்த. கை மரத்துப் போய்ட்டு. கடல்ல போட்டுடுவேனோ எண்டு பயம். இப்பவும் கனவுல வரும். நான் போட்டுடுற மாதிரி."

அந்தத் தம்பிதான் எங்களோடு படிப்பிக்கும் ஆசிரியர். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "ராத்தா, நீங்க இத எனக்குச் சொல்லவே இல்லையே" என்றார்.

"ஆரும் கேக்கலயே தம்பி" என்றார் ராத்தா.

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஒரு பதில்தான்.

எங்கள் சமூகத்தில் வெளியேற்றத்தைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. ஒவ்வொரு ஒக்டோபரிலும் பேசுகிறோம். 75,000 பேர் வரையில் விரட்டப்பட்டதைச் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம்தான் அவகாசம் தந்ததைச் சொல்கிறோம். விட்டுவந்த வீடு, காணி, கடை, நகை, பள்ளிவாசல் எல்லாவற்றையும் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும், அது எங்கள் உரிமைக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் பிள்ளைகள் எண்ணிக்கையாக மட்டும்தான் இருக்கிறார்கள். ஒன்பது வயதில் ஒரு இரவு முழுக்கத் தம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவளுடைய கையை எந்தப் பட்டியலில் எழுதினோம்? புத்தளத்து முகாம்களின் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்த பிள்ளைகள் இப்போது நாற்பதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்குள் ஒரே பாயில் படுத்த தம்பிக்கே தெரியாது.

இனி, படத்தைப் பார்த்தோம் என்று சொன்னதும் எங்களுக்கு வந்த மறுப்புகள்.

முதலாவது: "இது அமெரிக்காக்காரனுக்குச் சாதகமான படம். சதாமைக் கெட்டவராகக் காட்ட எடுத்தது." இதைச் சொன்னவர் மரியாதைக்குரிய பெரியவர். அவருடைய கோபம் எங்களுக்கு விளங்குகிறது. 1991 வளைகுடா யுத்த காலத்தில் சதாமுக்காகத் துஆ கேட்டவர்கள் எங்கள் வாப்பாமார். சதாம் என்று பெயர் வைத்த பிள்ளைகள் எங்கள் வகுப்பிலும் படித்தார்கள். அமெரிக்கா ஈராக்குக்குச் செய்ததை நாங்களும் மறக்கவில்லை. பேரழிவு ஆயுதம் இருப்பதாகச் சொல்லிப் படையெடுத்து, கடைசியில் அப்படி எதையும் கண்டுபிடிக்காமலே ஒரு நாட்டைக் குலைத்தார்கள்.

ஆனால் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். அமெரிக்க ஹெலிகொப்டர்கள் துண்டுப்பிரசுரங்களைக் கொட்டுகின்றன, உங்கள் கஷ்டகாலம் முடிந்துவிட்டது என்று. பிறகு படை வருகிறது. அமெரிக்காவையே கனவு கண்டுகொண்டிருந்த சட்டலைட், மிதிவெடியில் காயப்பட்ட காலோடு ஊன்றுகோலில் நின்று, தெருவால் ஓடிப்போகும் சிப்பாய்களைப் பார்க்கிறான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவர்களிடமிருந்து வாங்கியதென்று கூட்டாளி கொண்டுவந்த சிவப்பு மீனின் நிறம் தண்ணீரில் கரைகிறது. அமெரிக்காவுக்கு இதைவிடக் கசப்பான நற்சான்றிதழை யார் எழுத முடியும்?

சதாமின் சிப்பாய் செய்ததையும் படம் மறைக்கவில்லை, அமெரிக்காவின் பொய்யையும் மறைக்கவில்லை. எங்களுக்குத்தான் இரண்டில் ஒன்றை மறைத்துக்கொண்டு பேசிப் பழகிவிட்டது. அநியாயக்காரன் எங்கள் பெயரைக் கொண்டவனாக இருந்தால் அவனால் பாதிக்கப்பட்ட பிள்ளை எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ஹலப்ஜாவில் இறந்த பிள்ளைகளுக்காக எங்கள் ஊரில் யாரும் குனூத் ஓதியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. உங்களுக்கோ உங்களுக்கு நெருக்கமானவர்களுக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள் என்று சூரா அன்னிஸாவில் நாங்கள் ஓதுகிறோம். அந்த ஆயத்துக்கு நாடும் இனமும் கிடையாது.

இரண்டாவது மறுப்பு: "பெண்பிள்ளைக்கு நடந்த அப்படியான விசயத்தையெல்லாம் படமாக எடுத்துக் காட்டுவதா? இதைப் பற்றி ஆசிரியர்கள் பேசுவதா?" படத்தில் அசிங்கமாக எதுவும் இல்லை. நடந்தது இருட்டில், தண்ணீரில் ஓடும் கால்களாக, ஒரு ஞாபகமாக வந்து போகிறது. ஆனால் அதுகூட வேண்டாம் என்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். பேசாமல் இருப்பதால் யாருக்கு லாபம்? அக்ரினின் அண்ணனுக்கு எல்லாம் தெரியும். அவன் நல்லவன், குழந்தையை அன்பாகப் பார்க்கிறான், அவளையும் பார்க்கச் சொல்கிறான். அவர்கள் இருவருக்கும் வெளியே அதைக் கேட்க ஒரு காது இல்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அவளோடு மலையுச்சி வரைக்கும் போகிறது. எங்கள் ஊர்களில் இப்படியான ஒரு பிள்ளை இருந்தால், அவள் எந்தக் கதவைத் தட்டலாம் என்று எங்களுக்குத் தெரியுமா? பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்கென்று ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவருடைய அறைக்குப் போகும் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். சில இடங்களில் அந்த அறையில் பழைய மேசை கதிரைதான் கிடக்கிறது. இதை ஆசிரியர்களாகிய நாங்களே எங்கள் மேல் வைக்கும் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பலர் சொன்னது: "காஸாவில் தினம் தினம் பார்க்கிறோமே, இதுக்கு மேல படத்திலயும் பார்க்கணுமா?"

இதுதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. ஆம், தினமும் பார்க்கிறோம். இரவு படுக்கும் முன் பார்க்கிறோம், சுபஹ் தொழுதுவிட்டுப் பார்க்கிறோம், பகிர்கிறோம். அழுகிறவர்களுடைய அழுகை உண்மையானது. ஆனால் அந்தப் பிள்ளைகளை நாங்கள் பார்ப்பது எப்போதும் ஒரே நிலையில்தான். புழுதியில், இரத்தத்தில், வெள்ளைத் துணியில். அவர்களுடைய உடலைத் தவிர வேறெதுவும் எங்களுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை நேற்று யாரோடு சண்டை பிடித்தது, எந்தப் பாடம் பிடிக்கும், சைக்கிள் ஓடத் தெரியுமா, எதற்குப் பொய் சொல்லும் என்று ஒன்றும் தெரியாது. இந்தப் படம் அதைத்தான் காட்டுகிறது. சட்டலைட் கர்வம் பிடித்தவன், புளுகன், பிள்ளைகளை ஏசுகிறவன், அதே வாயால் கண் தெரியாத குழந்தையைக் காப்பாற்ற மிதிவெடி வயலுக்குள் இறங்குகிறவன். எங்கள் எட்டாம் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பையனைப் போல இருக்கிறான். அதனால்தான் அவனுடைய கால் போகும்போது எங்களுக்கு வலித்தது.

செய்தி பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் குர்துப் பெரியவர்களும் செய்தி பார்க்கத்தான் வேண்டியிருந்தது. குண்டு எப்போது விழும் என்று தெரியாமல் எப்படி இருப்பது? 1991இல் லட்சக்கணக்கானவர்கள் அந்த மலைகளால் துருக்கி, ஈரான் எல்லைகளுக்கு ஓடியது அவர்களுக்கு நேற்று நடந்த மாதிரி. ஆனால் திரையைப் பார்த்த கண்ணை ஒரு தரம் பின்னால் திருப்பியிருக்கலாம்.

எங்கள் பக்கமும் அதே நிலைதான். 2009க்குப் பிறகு மீள்குடியேறப் போனவர்களுக்கு முசலிப் பக்கத்தில் காணியைப் பார்க்கும் முன் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைப் பார்க்க வேண்டியிருந்தது. எதைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் படம் காட்டிப் படிப்பித்த ஆசிரியர்கள் வடக்கில் இருக்கிறார்கள். ஈராக் 2007இலும் இலங்கை 2017இலும் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தன. நிலத்தில் இருப்பதை எடுக்க இயந்திரமும் நாயும் ஆளும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் மனதில் புதைந்திருப்பதை எடுக்க யார் இருக்கிறார்கள்?

எங்கள் பிழை ஒன்றையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். தினமும் பிந்தி வரும் ஒரு மாணவியை எங்களில் ஒருவர் ஒரு தவணை முழுக்க வெளியே நிற்கவைத்தார். அவளுடைய உம்மா மத்திய கிழக்கில் வேலை செய்கிறார், வாப்பா சுபஹுக்கே கடலுக்குப் போகிறவர், இரண்டு தம்பிமாரைக் குளிப்பாட்டி, உடுப்புப் போட்டு, சின்னவனை முன்பள்ளியில் விட்டுவிட்டுத்தான் அவள் வருகிறாள் என்பது தவணை முடிவில்தான் தெரிந்தது. கலாசாலையில் எங்களுக்குப் பிள்ளை உளவியல் படிப்பித்தார்கள், பரீட்சையும் எழுதினோம். "ஏன் மகள் பிந்துது?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதற்கு அந்தப் படிப்பே தேவையில்லை.

ஆகவே எங்கள் வேண்டுகோள்கள் மூன்று.

ஒன்று, இந்தப் படத்தைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். சாதாரண தரம் எழுதும் வயதுக்கு மேற்பட்டவர்களோடு, முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, சேர்ந்து பாருங்கள். பார்த்த பிறகு அரை மணித்தியாலமாவது இருந்து பேசுங்கள். படத்தை விட அந்த அரை மணித்தியாலம் முக்கியம்.

இரண்டு, இனிமேல் காயப்பட்ட அல்லது இறந்த பிள்ளைகளின் படத்தைப் பகிரும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அது உங்கள் பிள்ளையாக இருந்தால் முன்பின் தெரியாதவர்கள் அந்தக் கோலத்தில் பார்க்க விடுவீர்களா? துஆவும் சதகாவும் அந்தப் படம் இல்லாமலும் போய்ச் சேரும்.

மூன்று, உங்கள் வீட்டில் 1990இல் பிள்ளையாக இருந்த ஒருவர் இருப்பார். ராத்தாவோ, காக்காவோ, மாமியோ. இந்த வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு போனை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவர்களிடம் கேளுங்கள். வீட்டையும் காணியையும் பற்றிக் கேட்க வேண்டாம். "நீங்க அப்ப என்ன செஞ்சீங்க? எதுக்குப் பயந்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் அழுதால் பக்கத்தில் இருங்கள், பேச்சை மாற்றாதீர்கள்.

எங்கள் நண்பர் அன்றிரவு அதைத்தான் செய்தார். நாங்கள் புறப்படும்போது ராத்தாவும் தம்பியும் வாசற்படியிலேயே இருந்தார்கள். வள்ளத்தில் வேறு யார் யார் இருந்தார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

வஸ்ஸலாம்.